விரலுக்கும் செம்புக்கும் நடுவே: டச் பட்டன் வடிவமைக்கும் இளம் பொறியாளருக்கு ஒரு கடிதம்

மின்தேக்கு உணர்வால் இயங்கும் பட்டன்களை வடிவமைக்கும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் இளம் பொறியாளருக்கு,

சென்னை வீடுகளில் இன்று புழங்கும் இண்டக்‌ஷன் அடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்பான், கண்ணாடி முகப்புள்ள சுவர் சுவிட்ச், குளியலறை எல்இடி கண்ணாடி ஆகியவற்றில் அழுத்தினால் உள்ளே போகும் பட்டன் அருகிவருகிறது. அதன் இடத்தில் வழவழப்பான ஒரு முகப்பும், அதன் பின்னால் மறைந்திருக்கும் செப்புத் தகடும், அந்தத் தகட்டின் மின்தேக்குத்திறனை நொடிக்குப் பலமுறை அளந்துகொண்டேயிருக்கும் சிறு சில்லும் வந்து அமர்ந்திருக்கின்றன. இவற்றை வடிவமைப்பவருக்குப் பெரும் தொல்லை தருவது சில்லும் அல்ல, அதற்குள் எழுதப்படும் நிரலும் அல்ல. முகப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே, யாரும் திட்டமிடாமலேயே தங்கிவிடும் காற்று இடைவெளிதான். அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது நாளுக்கு நாள் மாறுகிறதா, விரல் பட்டதும் மாறுகிறதா, கருவிக்குக் கருவி மாறுகிறதா என்பதே பட்டனின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பதுதான் இக்கடிதத்தின் சாரம்.

மின்கடத்தும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே மின்கடத்தாப் பொருள் ஒன்று இருந்தால் அது மின்தேக்கி; அந்தப் பரப்புகள் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறனே மின்தேக்குத்திறன்; அதன் அலகு ஃபாரட். டச் பட்டனில் ஒரு பரப்பு பேடு என்று பட்டறையில் அழைக்கப்படும் செப்புத் தகடு, மற்றொரு பரப்பு மனித விரல், நடுவில் இருப்பது கண்ணாடியோ அக்ரிலிக்கோ ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ. விரலைக் கடத்தியாக்குவது உடலிலுள்ள உப்புநீர். உடலோ தரையோடு ஏறத்தாழ 100 முதல் 200 பிகோஃபாரட் வரை தொடர்புகொண்டிருப்பதால் சுற்று அதன் வழியே முழுமையடைகிறது. பிகோஃபாரட் என்பது ஒரு ஃபாரட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. விரல் வருவதற்கு முன்பே பேடு தன்னைச் சூழ்ந்த கிரவுண்டு செம்போடும் தன் சொந்தத் தடத்தோடும் சேர்ந்து பொதுவாக 5 முதல் 20 பிகோஃபாரட் வரை காட்டிக்கொண்டிருக்கும். விரல் அதனுடன் சேர்ப்பது ஒரு பிகோஃபாரட் அல்லது அதற்கும் குறைவு. வடிவமைப்பாளரின் வேலை முழுவதும் அந்த ஒற்றைப் பிகோஃபாரட்டைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

அதைக் காற்று எப்படிக் களவாடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மின்கடத்தாப் பொருளுக்கும் ஒப்புமை விடுதிறன் என்ற எண் உண்டு. காற்றுக்கு அது ஏறத்தாழ 1, அக்ரிலிக்குக்கு ஏறத்தாழ 3, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 7. ஒரு பொருளின் தடிமனை அதன் விடுதிறனால் வகுத்தால், அது எத்தனை மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம் என்பது கிடைத்துவிடும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பேடைத் தேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் எளிது: அதன் பரப்பளவு சுமார் 113 சதுர மில்லிமீட்டர் என்பதால், ஒரு மில்லிமீட்டர் காற்றுக்குச் சமமான தொலைவில் மின்தேக்குத்திறன் கிட்டத்தட்ட மிகச் சரியாக ஒரு பிகோஃபாரட். ஆகவே 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் வழியாக விரல் 1 பிகோஃபாரட்டைத் தருகிறது; அந்த அக்ரிலிக்குக்கும் பேடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் காற்று புகுந்தால் அது 0.5 ஆகிவிடுகிறது. 4 மில்லிமீட்டர் கண்ணாடி வழியாகக் கிடைக்கும் 1.75 பிகோஃபாரட், அதே ஒரு மில்லிமீட்டர் காற்றால் 0.64க்கு இறங்குகிறது. விலையுயர்ந்த முகப்பைத் தேர்ந்தவரே அதிகம் இழக்கிறார் என்பது இதிலுள்ள வேடிக்கை. விரல்நுனி பேடை முழுவதும் மூடுவதில்லை, விளிம்பில் வெளியே வளையும் மின்புலக் கோடுகளும் இதில் சேர்க்கப்படவில்லை என்பதால் உண்மை அளவுகள் வேறுபடும். ஆனால் விகிதங்கள் வழிகாட்டப் போதுமானவை.

சிறிய இடைவெளியும் இதே கணக்குக்கு உட்பட்டதுதான். கண்ணாடியின் பின்புறம் ஒட்டிய படலத்தில் ஒரு காற்றுக்குமிழி 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தங்கிவிட்டால் 1.75 என்பது 1.49 ஆகும், ஏறத்தாழ 15 விழுக்காடு போய்விடும். ஒட்டும் நாடாக்களில் பெயர்பெற்ற 3எம் நிறுவனத்தின் 468எம்பி வகையின் தடிமனே 0.13 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், ஓரத்தில் நாடா கிளம்பிய ஒரு முகப்பு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது விளங்கும்.

இனி மாறுகிற இடைவெளி. கண்ணாடிக்கும் பேடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் காற்று எப்போதும் ஒரு மில்லிமீட்டராகவே இருக்கும் என்றால், 0.64 பிகோஃபாரட்டை வைத்துக்கொண்டு நல்ல பட்டனைச் செய்துவிடலாம். நுழைவரம்பை அதற்கேற்பக் குறைத்தால் போதும். நுழைவரம்பு என்பது அளவு அதைத் தாண்டினால் விரல் பட்டது என்று சில்லு முடிவுசெய்யும் எல்லை. ஆனால் பலமாக அழுத்துபவரின் விரலால் முகப்பு 0.3 மில்லிமீட்டர் உள்வாங்கினால் அதே பட்டன் 0.79 காட்டும், மென்மையாகத் தொடுபவருக்கு 0.64 காட்டும். முகப்பில் உலோகப் பூச்சோ அலுமினியச் சட்டமோ இருந்தால், பட்டனுக்கு அப்பால் எங்கோ முழங்கை ஊன்றும்போதுகூட உலோகம் பேடை நெருங்கி, யாரும் தொடாமலேயே விளக்கு எரியும்.

சென்னையின் வெயில் இந்த மாற்றத்தைத் தானாகவே செய்து காட்டும். 200 மில்லிமீட்டர் நீள அக்ரிலிக் பட்டையை இரு முனைகளிலும் அலுமினியச் சட்டத்தில் திருகி இறுக்கிவிட்டு, மேற்கு நோக்கிய அடையாற்று பால்கனிச் சுவரில் பொருத்தியதாகக் கொள்ளலாம். காலை முதல் மாலைக்குள் வெப்பம் 20 டிகிரி கூடினால் அக்ரிலிக் அலுமினியத்தைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அதிகமாக நீள விரும்பும். நீள இடமில்லாததால் வில்லாக வளையும். முனைகள் சற்றும் விட்டுக்கொடுக்காவிட்டால் அந்த வில்லின் நடுப்பகுதி 3.5 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பும் என்பது வடிவியல். நீளத்தில் 0.2 மில்லிமீட்டர், இடைவெளியில் 3.5 மில்லிமீட்டர்! மின்சுற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இதை நிரலில் தேடிக்கொண்டிருப்பார். ஒரு முனைத் துளையை நீள்துளையாக்கி நகர இடம் கொடுப்பதும், பேடுகளுக்கு அருகிலேயே திருகு அல்லது தாங்கு விலா ஒன்றை வைப்பதும்தான் இதற்கான மருந்து. இரண்டும் பெட்டி வடிவமைப்பவரின் கையில் உள்ளவை.

காற்றை வெல்லச் சிறந்த வழி, அது இருக்க வேண்டிய இடத்தில் உலோகத்தை வைத்துவிடுவது. இண்டக்‌ஷன் அடுப்பைத் திறந்து பார்ப்பவர் இதை உடனே காண்பார். அங்கே மின்சுற்றுப் பலகை கண்ணாடியோடு ஒட்டியிருக்க வாய்ப்பில்லை. எல்இடி எண்பலகையும் மற்ற உறுப்புகளும் பலகையின் மேலேயே நிற்பதால், கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெற்றிடம் விடப்படுகிறது. அந்த வெற்றிடத்தின் குறுக்கே, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்றாக, சிறு ஸ்பிரிங்குகள் பலகையில் பற்றவைக்கப்பட்டு, அவற்றின் தட்டையான மேற்சுருள் கண்ணாடியின் அடிப்பரப்பில் அழுந்தி நிற்கின்றன. ஸ்பிரிங்கின் வழியே பேடு கண்ணாடி வரை உயர்ந்துவிடுவதால், 10 மில்லிமீட்டர் காற்று இருந்தால் பத்தில் ஒரு பங்கு பிகோஃபாரட்டாகச் சுருங்கியிருக்கும் அளவு, ஒரு பிகோஃபாரட்டின் வரிசைக்குத் திரும்புகிறது. ஸ்பிரிங்கின் உட்குழிவில் எல்இடி ஒன்றை வைத்து பட்டனை ஒளிரச்செய்யவும் முடிகிறது. சில காசுகளில் இத்தனை வேலை செய்யும் உறுப்பு மின்னணுவியலில் அரிது.

ஆனால் ஸ்பிரிங்கை வாங்கிப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று இளம் பொறியாளர் எண்ணிவிடக் கூடாது. அது கண்ணாடியை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் போதாது. பெட்டி தயாரிப்பில் வரும் ஏற்றத்தாழ்வு முழுவதையும் விழுங்கிக்கொள்ளும் அளவுக்கு முன்னழுத்தத்தோடு நிற்க வேண்டும், இல்லையேல் அடுப்பினுள் சுழலும் விசிறியின் அதிர்வில் அது கண்ணாடியை விட்டு விட்டுத் தொடும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அசைவும் அளவில் இரைச்சலாகத் தெரியும். ஸ்பிரிங்கின் பக்கவாட்டும் உணரும் பரப்புதான் என்பதால், நெருக்கமாக நிற்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றைத் தொட்டால் மற்றதும் சற்றே எழும். சாய்ந்து நிற்கும் ஸ்பிரிங் இதை மோசமாக்கும். மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பூச்சில்லாத கம்பியை அரிப்பதால், வெள்ளீயப் பூச்சு ஆடம்பரமல்ல, அவசியம்.

ஸ்பிரிங்குக்கு இடமில்லாத மெல்லிய கருவிகளில் மின்கடத்தும் நுரைத்துண்டை அதே இடத்தில் வைக்கலாம்; அல்லது பேடையே மெல்லிய பாலியெஸ்டர் படலத்தில் வெள்ளி மையாலோ கார்பன் மையாலோ அச்சிட்டு முகப்பின் பின்புறத்தில் ஒட்டி, அதன் வாலை மட்டும் பலகைக்குக் கொண்டுவரலாம். படலமுறை இடைவெளியை அடியோடு ஒழிக்கிறது என்பதால் அதுவே தூய்மையான தீர்வு; நுரையோ ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் தன் மீட்சித்தன்மையை இழக்கும் என்பதால் அது கடைசித் தேர்வாக இருக்கட்டும். குளியலறைக் கண்ணாடி செய்பவர்கள் மட்டும் ஒன்றைக் கூடுதலாக நினைவில் கொள்ள வேண்டும்: கண்ணாடியின் பின்னுள்ள வெள்ளிப் பூச்சே ஒரு கடத்தி என்பதால், பேடுக்கு நேரே அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் எந்த ஸ்பிரிங்கும் விரலைப் பார்க்காது.

சில கருவிகளில் இடைவெளியை மூடவே முடியாது. தொடாமலேயே கையை உணர வேண்டும் என்பதே அங்குத் தேவையாக இருக்கும். இதற்கு முன்னோடி ஓர் இசைக்கருவி என்பது இத்துறையின் இனிய செய்திகளில் ஒன்று. ரஷ்ய இயற்பியலாளர் லியோன் தெரெமின் 1920இல் உருவாக்கி, 1928இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருவியில், இரண்டு உலோகக் கம்பிகளுக்கு அருகே காற்றில் கையை அசைத்தாலே சுருதியும் ஒலியளவும் மாறும். கை தரும் ஒரு பிகோஃபாரட்டுக்கும் குறைவான மாற்றம், இரண்டு உயரதிர்வு அலைகளின் வேறுபாடாகக் காதுக்கு எட்டுகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்தக் கருவி கமகத்துக்கென்றே பிறந்தது என்று மயிலாப்பூர் ரசிகர் ஒருவர் வாதிட்டால் அதை மறுப்பது கடினம். ஆனால் தெரெமினை வாசிப்பவரின் உடல் அசையாமல் நிற்க வேண்டும், அருகே யாரும் நடமாடக் கூடாது என்ற நிபந்தனையில்தான் தொலைவிலிருந்து உணரும் பட்டனின் துன்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது: தொலைவைக் கூட்டும்போது விரலுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு கரைந்துபோகிறது.

இடைவெளி தங்கத்தான் போகிறது என்றால் பேடைப் பெரிதாக்குவதே முதல் வேலை. விரல் முகப்பைத் தொடும் நிலையில், விரலைவிடப் பெரிய பேடு அதிகப் பயன் தராது. தொலைவிலிருந்து உணரும்போது மின்புலம் எட்டும் தூரம் பேடின் அகலத்தைப் பொறுத்தது என்பதால், சிறு பேடு என்ன செய்தாலும் குருடாகவே இருக்கும். அடுத்தது காப்புத் திரை: பேடைச் சுற்றியும் பின்னாலும் ஒரு செம்புப் பரப்பை வைத்து, பேடின் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதையும் கூடவே ஏற்றி இறக்கினால், அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாததால் மின்னூட்டம் வீணாகாது, பின்புற உலோகத்தை நோக்கிச் செல்ல வேண்டிய புலக்கோடுகள் முன்புறம் திரும்பும். இதற்குப் பதிலாகப் பேடின் அடியில் கிரவுண்டு செம்பை முழுவதுமாகப் பரப்பிவைப்பது தொடக்கக்காரரின் வழக்கம். அது இரைச்சலைக் குறைக்கும்போதே உணர்திறனையும் குடித்துவிடும்.

இங்கே சென்னைப் பெண்களின் வளையலையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் தொலைவில் கையை உணரும்படி அமைத்த பட்டனுக்கு, பக்கத்துப் பட்டனை நோக்கி நீளும் கையிலிருந்து முன்னே சரிந்து தொங்கும் தங்க வளையலும் கைதான். உலோகத்தையும் உடலையும் பிரித்தறிய மின்தேக்குத்திறன் மட்டும் போதாது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஐஐடி மெட்ராஸின் மின்பொறியியல் துறையில் வி. ஜெகதீஷ் குமாருடன் மின்தேக்குணரிகளுக்கான இரட்டைச் சரிவு அளவீட்டுச் சுற்றுகளை ஆராய்ந்த பாபி ஜார்ஜ், பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, கார் இருக்கையில் ஆள் அமர்ந்திருப்பதை அறிய மின்தேக்குணர்வோடு மின்தூண்டல் உணர்வையும் இணைத்தது. தூண்டல் பகுதி உலோகத்தைக் காட்டிக்கொடுக்க, தேக்குப் பகுதி உடலைக் காட்டுகிறது. இரட்டைச் சரிவு என்பது, அறியாத மின்தேக்கியையும் அறிந்த ஒப்பீட்டு மின்தேக்கியையும் அடுத்தடுத்து இரு கட்டங்களில் ஒரே சுற்றால் அளந்து, இரண்டின் விகிதத்தை எண்ணாக எடுக்கும் முறை; சுற்றின் சொந்தக் குறைகள் இரு கட்டங்களிலும் ஒன்றுபோல வருவதால் விகிதத்தில் பெரும்பகுதி கழிந்துபோகும். அடையாற்றங்கரைக்கு அருகிலேயே இப்படிப்பட்ட அறிவு இருக்கும்போது, சில்லு விற்பவரின் கையேட்டை மட்டும் வேதமாகக் கொள்வதற்குக் காரணமில்லை.

தொடாப் பட்டனுக்கான ஆசை 2020ஆம் ஆண்டின் கொரோனா காலத்தில் உச்சத்தைத் தொட்டது. லிஃப்ட் பட்டனைத் தொட மக்கள் அஞ்சினர். அப்போது சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் தன் அலுவலக லிஃப்ட்டில் காலால் மிதித்து இயக்கும் அமைப்பைப் பொருத்தியது. மின்னணுவியல் படித்தவருக்கு அது பழைய காலத்து யோசனையாகப் படலாம். ஆனால் கூட்டமான லிஃப்ட்டில் முதுகையும் தோளையும் விரலென்று நம்பாத பட்டன் வேண்டுமென்றால், மிதிகட்டை நேர்மையான விடை.

இரைச்சலைப் பற்றிச் சொல்லாமல் இடைவெளியைப் பற்றிய பேச்சு முடியாது, ஏனெனில் காற்று குறைத்த சிறு அளவை இரைச்சல் எளிதில் விழுங்கிவிடும். விரலால் வரும் மாற்றம் இரைச்சலைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது சில்லு நிறுவனங்கள் சொல்லும் குறைந்தபட்ச விதி. இடைவெளியோடு கூடிய பட்டனுக்கு அதை இன்னும் உயர்த்திக்கொள்வது நல்லது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எர்த் இல்லாத இரண்டு முனைச் செருகியில் இயங்கும் மலிவான பவர் சப்ளை, தன் உள்ளே நடக்கும் வேகமான மின்மாற்றத்தின் எச்சத்தை முழுச் சுற்றின்மேலும் ஏற்றி ஆட்டுகிறது. யாரும் தொடாதபோது பேடும் கிரவுண்டும் சேர்ந்தே ஆடுவதால் சில்லுக்கு எதுவும் தெரியாது, விரல் வந்து தரையோடு தொடர்பு ஏற்படுத்தியதும்தான் அந்த ஆட்டம் அளவில் வெடிக்கிறது. மின்வெட்டின்போது வீட்டு இன்வெர்ட்டர் தரும் கரடுமுரடான அலை இதைக் கூட்டும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: மேசையில் கணினியோடும் ஆசிலோஸ்கோப்போடும் இணைந்திருந்தபோது அருமையாக வேலை செய்த பட்டன், பேட்டரிக்கு மாறியதும் மந்தமாகிவிடும், ஏனெனில் அந்தக் கருவிகளின் எர்த் இணைப்புதான் அதுவரை சுற்றை முழுமையாக்கிக்கொண்டிருந்தது.

இண்டக்‌ஷன் அடுப்பிலோ பகைவன் உள்ளேயே இருக்கிறான். பேடுகளிலிருந்து சில சென்டிமீட்டரில் ஒரு பெரிய செப்புச் சுருள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் ஆயிரக்கணக்கான வாட் ஆற்றலைச் செலுத்துகிறது. நல்லவேளையாக, பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் நேர்மின்னாக்கிக்குப் பின்னால் உள்ள மின்தேக்கி சிறியது என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், அதாவது நொடிக்கு 100 முறை, சுருளின் ஆற்றல் ஏறத்தாழ அடங்கிப்போகிறது. அந்த நொடித்துணுக்கில் மட்டும் பேடுகளை அளக்கும்படி நிரலை மின்சாரத்தின் சுழிக்கடப்போடு பிணைத்துவிட்டால், எந்த வடிகட்டியும் தராத அமைதி இலவசமாகக் கிடைக்கும். இதைத் தானே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை இளம் பொறியாளரிடமிருந்து பறித்ததற்கு இக்கடிதம் வருந்தவில்லை. அந்தக் கண்டுபிடிப்புக்கு ஆகும் மாதங்கள் விலைமதிப்புள்ளவை.

சோதனைக்கு நகரைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைகளுக்குத் தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையமும், திருவான்மியூரில் மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையமும் இருக்கின்றன. கம்பி வழியே 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை குறுக்கீட்டைச் செலுத்திப் பார்க்கும் ஐஇசி 61000-4-6 சோதனை டச் பட்டன்களை வீழ்த்துவதில் பெயர்போனது. அங்கே செல்லும்போது பேடின்மேல் ஒரு செயற்கை விரலையும் வைத்துச் சோதிக்கக் கேட்க வேண்டும். தொடாத நிலையில் மட்டும் தேறிய பட்டன் தேறியதாகாது.

தண்ணீர் அடுத்த பகை. காற்றின் ஈரப்பதம் உயர்ந்தால் காற்றின் விடுதிறன் கூடிப் பட்டன் கெடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த மாற்றம் புறக்கணிக்கத் தக்கது. ஐப்பசி மழையில் கெடுப்பது காற்றல்ல, குளிர்ந்த முகப்பின் பின்புறத்தில் படியும் நீர்ப்படலமும், ஈரத்தை உறிஞ்சும் நைலான் போன்ற பிளாஸ்டிக்கும்தான். நீரின் விடுதிறன் ஏறத்தாழ 80 என்பதால், இடைவெளிக்குள் ஒரு துளி இறங்கினாலே அங்குள்ள காற்று இல்லாததுபோல் ஆகிவிடும்; மூடாமல் விட்ட இடைவெளியின் மிக மோசமான முகம் இதுவே. முகப்பின் மேற்பரப்பிலோ வேறு கதை. சமையலறையில் எண்ணெய் சிந்தினால் பட்டன் பெரிதாகக் கலங்காது, எண்ணெயின் விடுதிறன் பிளாஸ்டிக்கை ஒத்தது, அது மின்சாரத்தைக் கடத்துவதுமில்லை. சாம்பார் பொங்கி வழிந்தால் நிலைமை வேறு: உப்பும் புளியும் கரைந்த அந்தக் குழம்பு நல்ல கடத்தி, அது பட்டனிலிருந்து உலோக விளிம்பு வரை ஓடினால் சில்லுக்கு அது விரலாகவே தெரியும். ஆகவே நீர்ச்சோதனையைக் குழாய்த் தண்ணீரால் மட்டும் நடத்துவது தமிழ்நாட்டுச் சமையலறையை அறியாதவரின் செயல். மேலே சொன்ன காப்புத் திரை இங்கும் உதவும்; பல பட்டன்கள் ஒருசேர எழும்பினால் அதை விரல் என்று கொள்ளாமல் அடுப்பை அணைத்துவிடும் நிரலும் கட்டாயம் வேண்டும்.

நிரலைப் பற்றி ஒன்று மட்டும். வெப்பமும் ஈரமும் மெதுவாக மாற்றும் அளவைச் சில்லு தானே பின்தொடர்ந்து, விரலில்லா நிலையின் அளவை அவ்வப்போது திருத்திக்கொள்ளும். இதற்கு அடிக்கோட்டுத் திருத்தம் என்று பெயர். மிக வேகமாகத் திருத்தினால் மெதுவாக நெருங்கும் விரலையும் அது வானிலை என்று விழுங்கிவிடும். மிக மெதுவாகத் திருத்தினால் வெயில் ஏறும்போது பட்டன் தானாகவே எரியும். இடைவெளி நிலையாக இருந்தால் இந்த வேகத்தைத் தேர்வது எளிது, இல்லாவிட்டால் எந்த வேகமும் சரியாக அமையாது.

கடைசியாக, பட்டனைக் காணாதவர் ஒருவர் உண்டு. வழவழப்பான கண்ணாடிப் பரப்பில் எல்லாப் பட்டன்களும் பார்வையற்றவரின் விரலுக்கு ஒன்றே; தேடும் விரல் தடவும்போதே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில் இதை அழகியல் என்று சொல்லித் தப்பிக்க இயலாது. பட்டனைச் சுற்றி அரை மில்லிமீட்டர் உயர விளிம்பு ஒன்றையும், இயக்கத்துக்கு முன் சிறிது நேரம் விரல் நிலைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், ஒலிச் சைகையையும் சேர்த்தால் நிலைமை பெரிதும் மாறும். அடையாற்றிலேயே பார்வையற்ற மாணவர்கள் பயிலும் செயின்ட் லூயிஸ் நிறுவனம் இருக்கிறது. அத்தகையோரிடம் மாதிரியைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்வது எந்த ஆய்வக அறிக்கையைவிடவும் அதிகம் கற்பிக்கும்.

அண்ணா சாலைக்குப் பின்னால் உள்ள ரிச்சி தெருவில் டிடிபி223 சில்லு பொருத்திய சிறு டச் பலகை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இளம் பொறியாளர் அதில் ஒன்றையும், சில அக்ரிலிக் துண்டுகளையும், தடிமன் அளந்த தாள்களையும் வாங்கி, துண்டுக்கும் பலகைக்கும் நடுவே மூலைகளில் மட்டும் தாளை ஒவ்வொன்றாகச் செருகி, பட்டன் எந்த இடைவெளியில் விரலை இழக்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பின்னர், பெட்டியின் வரைபடம் முடிவாவதற்கு முன்பே, அதை வரைபவரோடு அமர்ந்து, முகப்புக்கும் பேடுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், அது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற மூன்று எண்களை அந்த வரைபடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுமாறு அவரை இக்கடிதம் கேட்டுக்கொள்கிறது.